குறைந்த செலவில் கேமிங் கணினி: எதில் சிக்கனம் செய்யலாம், எதில் கூடாது?

புது டெல்லி: டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவின் சாந்தினி சவுக், சென்னையின் ரிச்சி தெரு என நாட்டின் எந்தக் கணினிச் சந்தைக்குச் சென்றாலும் ஒரே வகை விளம்பரத்தைக் காணலாம்: 'கோர் ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி'. இணைய விற்பனைத் தளங்களிலும் இதே வாசகம்தான். விலையோ ஒரு நடுத்தர ஸ்மார்ட்போனின் அளவிலேயே இருக்கும். கண்ணாடிக் கேபினட்டுக்குள் வண்ண விளக்குகள் மின்னும். மகனின் அல்லது மகளின் பிறந்தநாளுக்காகப் பணம் சேர்த்த பெற்றோருக்கு இது பெரும் சலுகையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் அந்த விளம்பரம் சொல்லாமல் விடும் மூன்று விவரங்களே கணினியின் தரத்தை முடிவு செய்கின்றன. அந்த ஐ7 எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது? கிராஃபிக்ஸ் கார்டின் முழுப் பெயர் என்ன? உள்ளே உள்ள எஸ்எம்பிஎஸ் எந்த நிறுவனத்தினுடையது? இந்த மூன்றுக்கும் பில்லில் எழுதித் தரக்கூடிய பதில் கிடைக்காவிட்டால் அந்தக் கணினியை வாங்காமல் இருப்பதே நல்லது.

மலிவு விலை 'ஐ7' கணினிகள் பலவற்றில் இருப்பவை, அலுவலகங்கள் கழித்துவிட்ட ஐ7-2600 அல்லது ஐ7-3770 பிராசசர்கள். முன்னது 2011-ஆம் ஆண்டிலும் பின்னது 2012-ஆம் ஆண்டிலும் வெளிவந்தவை. பெயருக்குப் பின்வரும் எண்ணின் தொடக்கம் தலைமுறையைக் காட்டும்: 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. இன்டெல் பிராசசர்களில் எட்டாம் தலைமுறை முதலும், ஏஎம்டி ரைசனில் 2000 வரிசை முதலும்தான் பொதுவாக விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வ ஆதரவு உள்ளது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்துவிட்டது. இந்திய இளைஞர்களிடையே பெரிதும் விளையாடப்படும் வேலரன்ட், விண்டோஸ் 11-இல் இயங்க டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகளைக் கட்டாயமாகக் கேட்கிறது. பத்தாண்டுகளுக்கு முந்தைய மதர்போர்டுகளில் இவை கிடைப்பது அரிது. 2022-இல் வந்த, நான்கே கோர் கொண்ட ஐ3-12100எஃப் பிராசசர் இந்தப் பழைய ஐ7-களை எளிதில் விஞ்சுகிறது. ஆக, ஐ3, ஐ5, ஐ7 என்ற அடையாளத்தை விடத் தலைமுறையே முதன்மையானது.

முதலில் மானிட்டர், பிறகு பாகங்கள்

பாகங்களின் பட்டியலைப் பிராசசரிலிருந்து தொடங்குவதே பலரது வழக்கம். எந்த விளையாட்டு, எந்த மானிட்டர் என்பதிலிருந்து தொடங்குவதே சரியான வரிசை. 1920 × 1080 அளவுள்ள திரையில் சுமார் 20.7 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 2560 × 1440 திரையில் அது 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். ஒவ்வொரு புள்ளியையும் நொடிக்குப் பல முறை வரைந்து தருவது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. எனவே 4கே மானிட்டரை வாங்கிவிட்டு மலிவு கார்டைப் பொருத்தினால் கார்டு நான்கு மடங்கு சுமையில் திணறும். குறைந்த செலவில் கணினி கட்டுவோருக்கு 1080பி திரையே ஏற்றது. இதில் தயங்க ஒன்றுமில்லை.

அடுத்தது விளையாட்டின் தன்மை. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் காட்சிச் சுமை குறைவு. நொடிக்கு 144 ஃபிரேம்களுக்கு மேல் பெற வேகமான பிராசசரே உதவும். சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டுகளில் நிலைமை தலைகீழ். அங்கு கிராஃபிக்ஸ் கார்டுதான் ஃபிரேம்களின் எண்ணிக்கையை முடிவு செய்கிறது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஆகியவை ரே டிரேசிங் வசதி வன்பொருளிலேயே இருந்தால்தான் இயங்கும். ஆர்எக்ஸ் 580, ஜிடிஎக்ஸ் 1060 போன்ற ஒரு காலத்தில் புகழ்பெற்ற மலிவு கார்டுகளில் அந்த வசதி இல்லை. பழைய விளையாட்டுகள் மட்டும் போதும் என்பவருக்கு இது பொருட்டல்ல. மூன்று, நான்கு ஆண்டுகள் கணினியை வைத்திருக்க நினைப்பவருக்கு இது பெரும் பொருட்டு.

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ், விண்டோஸ் உரிமம் ஆகியவற்றின் செலவை முதலிலேயே தனியாக ஒதுக்க வேண்டும். இதை மறந்து கையில் உள்ள தொகை முழுவதையும் கேபினட்டுக்குள் செலவிட்டு, கடைசியில் யுபிஎஸ் வாங்காமல் விடுவதே பரவலாக நடக்கிறது. விண்டோஸ் வேண்டாம், இலவசமான லினக்ஸ் போதும் என்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேலரன்ட் லினக்ஸில் இயங்காது.

பணத்தின் பெரும்பங்கு செல்ல வேண்டிய இடம்

திரை முதலியவை நீங்கலாக, கேபினட்டுக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் 60,000 ரூபாய் உள்ளது என வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 22,000 முதல் 24,000 ரூபாய் வரை கிராஃபிக்ஸ் கார்டுக்கும், 16,000 முதல் 18,000 வரை பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்தும், 10,000 முதல் 12,000 வரை ரேம், எஸ்எஸ்டி இரண்டுக்கும், 4,000-க்குக் குறையாமல் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும், எஞ்சியதைக் கேபினட்டுக்கும் ஒதுக்குவது நியாயமான பங்கீடு. இது சந்தை விலைப்பட்டியல் அன்று. பணம் எந்த விகிதத்தில் பிரிய வேண்டும் என்பதற்கான அளவுகோல் மட்டுமே. தொகை 45,000 ஆனாலும் 80,000 ஆனாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது.

கிராஃபிக்ஸ் கார்டில்தான் ஏமாற்றங்களும் அதிகம். '4 ஜிபி கிராஃபிக்ஸ்' என்று மட்டும் குறிப்பிட்டு விற்கப்படும் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது ஜிடி 730 போன்ற கார்டு. 2014-இல் வந்த அந்த கார்டு திரையில் படம் காட்டப் பயன்படும்; விளையாட்டுக்கு உரியதன்று. அதில் உள்ள 4 ஜிபி, மெதுவான பழைய வகை நினைவகம். நினைவகத்தின் அளவை மட்டும் கொண்டு கார்டை மதிப்பிடுவது, தொட்டியின் கொள்ளளவைப் பார்த்துக் குழாயில் நீர் வரும் வேகத்தைக் கணிப்பது போன்றது.

ஒரே பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுவதும் உண்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு 8 ஜிபி, 6 ஜிபி என இரு வடிவங்களில் வந்தது. நினைவகம் மட்டுமே வேறு என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் 8 ஜிபி கார்டில் 2,560 கணிப்புக் கோர்களும் 128 பிட் நினைவகப் பாதையும் உள்ளன. 6 ஜிபி கார்டில் 2,304 கோர்களும் 96 பிட் பாதையும்தான். அதேபோல ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2,304 கோர்களுக்குப் பதிலாக 2,048 கோர்கள் மட்டுமே உள்ள வடிவமும் சந்தையில் புழங்குகிறது. எனவே பில்லில் கார்டின் பெயர், நினைவக அளவு, மாடல் எண் மூன்றும் இருக்க வேண்டும்.

இன்றைய விளையாட்டுகளுக்கு 8 ஜிபி நினைவகத்தைக் கீழ்வரம்பாகக் கொள்வது பாதுகாப்பானது. ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 2021 அக்டோபரில் வந்ததாயினும் 1080பி விளையாட்டுக்கு இன்னும் தகுதியான கார்டு. 8 ஜிபி நினைவகம், 132 வாட் மின்தேவை, வன்பொருள் ரே டிரேசிங் என அடிப்படைத் தேவைகள் அனைத்தும் அதில் உண்டு. மேலே சொன்ன இண்டியானா ஜோன்ஸ், டூம் ஆகிய இரண்டுமே குறைந்தபட்சத் தேவையாக இந்த கார்டைத்தான் குறிப்பிடுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. கூடுதல் தொகை இருப்பின் 115 வாட் மட்டுமே கோரும் ஆர்டிஎக்ஸ் 4060, அதற்குப் பின்வந்த ஆர்டிஎக்ஸ் 5050, 5060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 ஆகியவற்றைப் பார்க்கலாம். வாங்கும் நாளில் எது மலிவோ அதுவே பெரும்பாலும் சரியான தேர்வாக இருக்கும்.

2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 இந்தப் பிரிவில் 12 ஜிபி நினைவகம் தருகிறது. எண்ணைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இயக்கப்படாவிட்டால் அதன் வேகம் வெகுவாகக் குறையும். பழைய அல்லது வேகம் குறைந்த பிராசசர்களுடன் இணைக்கும்போதும் அதன் திறன் சரிவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. புதிய பிராசசரோடு சேர்த்துக் கட்டுவோருக்கு நல்ல கார்டு. பழைய கணினிக்கு உயிரூட்ட நினைப்போருக்கு அன்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆர்எக்ஸ் 6600 கார்டு மதர்போர்டுடன் எட்டுத் தடங்கள் வழியாகவும், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே தடங்கள் வழியாகவும் தகவலைப் பரிமாறுகின்றன. மதர்போர்டு பழைய பிசிஐஇ 3.0 வகையாக இருந்தால் ஒவ்வொரு தடத்தின் வேகமும் பாதியாகும். எட்டுத் தடங்கள் உள்ள கார்டுக்கு இழப்பு சிறிது. நான்கு தடங்கள் மட்டுமே உள்ள, 4 ஜிபி நினைவகம் கொண்ட 6500 எக்ஸ்டி கார்டோ பல விளையாட்டுகளில் தடுமாறும். விலை குறைவாக இருப்பதால் பழைய கணினி வைத்திருப்போரே அதை நாடுகின்றனர். அவர்களுக்குத்தான் அது மிகவும் பொருந்தாதது.

பயன்படுத்திய கார்டு வாங்கலாமா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதிலில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் நாணயத்தின் 'மைனிங்' முறை நின்றபோது, இரவும் பகலும் ஓடிய ஏராளமான கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டுப்போனவை அல்ல. விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கலாம். பழைய சில்லின் மென்பொருளை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும் போலிகளும் உள்ளன. ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் இத்தகைய என்விடியா போலிகள் பலவற்றை அடையாளம் காட்டும். விற்பவரின் இடத்திலேயே கார்டைப் பொருத்தி அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டிப் பார்ப்பதும், கார்டில் உள்ள வரிசை எண் மூல பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் தவிர்க்கக் கூடாதவை. இதற்கு ஒப்பாத விற்பனையாளரிடம் விலை பேசுவதில் பயனில்லை.

பிராசசரும் மதர்போர்டும்

இவ்விரண்டும் ஒரே முடிவு. தனித்தனியே தேர்ந்தெடுக்க முடியாது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் கொண்ட ரைசன் 5 5600-உம், இன்டெல் தரப்பில் அதே எண்ணிக்கை கொண்ட ஐ5-12400எஃப்-உம் மலிவுப் பிரிவின் நம்பகமான பெயர்கள். தொகை மிகக் குறைவெனில் ஐ3-12100எஃப். இவற்றுக்கு மேல் செல்வதை விட அந்தப் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் சேர்ப்பதே பலன் தரும்.

பெயரின் இறுதியில் 'எஃப்' எழுத்து உள்ள இன்டெல் பிராசசர்களிலும், ரைசன் 5 5600-இலும் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. இப்போதைக்குக் கணினி, ஆறு மாதம் கழித்து கிராஃபிக்ஸ் கார்டு என்று திட்டமிடுவோர் இதை அறியாமல் வாங்கி, வீட்டில் கருந்திரையைப் பார்க்க நேர்கிறது. அத்தகையோருக்கு ரைசன் 5 5600ஜி அல்லது புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்கான ரைசன் 5 8600ஜி ஏற்றது. இவற்றின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் வேலரன்ட் போன்றவை இயல்பாகவே ஓடும். ஒரு குறை: 5600ஜி பிசிஐஇ 3.0 வேகத்தில்தான் இயங்கும். ஆகவே பின்னாளில் சேர்க்கும் கார்டை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏஎம்4 பழைய சாக்கெட். அதில் இனி ஏறிச்செல்ல இடம் குறைவு. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையேனும் ஆதரவு தொடரும் என ஏஎம்டி அறிவித்துள்ளது. பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏஎம்5-இன் ஈர்ப்பு. ஆனால் அது டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். மதர்போர்டின் விலையும் கூடுதல். மூன்று ஆண்டுகளுக்குப் பின் பிராசசர் மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு ஏஎம்5 நல்ல முதலீடு. கணினியை வாங்கியபடியே முழு ஆயுளும் பயன்படுத்தும் குடும்பத்துக்கு அந்தக் கூடுதல் செலவு தேவையற்றது.

மதர்போர்டில் விளக்குகளும் அலங்காரத் தகடுகளும் வேண்டியதில்லை. பி550 போர்டு ரைசன் 5600-க்கு பிசிஐஇ 4.0 வேகத்தைத் தரும். அதைவிட மலிவான ஏ520 போர்டு 3.0-உடன் நின்றுவிடும். பழைய பி450 போர்டு வாங்குவோர், 5600 பிராசசரை ஏற்கும் பயாஸ் புதுப்பிப்பு ஏற்கெனவே செய்யப்பட்டுள்ளதா எனக் கடையிலேயே உறுதி செய்ய வேண்டும்; இல்லையெனில் கணினி தொடங்கவே தொடங்காது. இன்டெல் 12-ஆம் தலைமுறைக்கு எச்610 போர்டு போதுமானது. அதில் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகைகள் உள்ளன. ஒன்றுக்குரிய ரேம் மற்றொன்றில் பொருந்தாது.

ரேம் விலை ஏற்றம்

செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால், 2025-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் பல ரேம் தொகுப்புகளின் விலை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம், தனது கிரூஷியல் பெயரிலான நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டி விலையும் இதனால் பாதிக்கப்பட்டது. பழைய காணொளிகளில் சொல்லப்படும் பட்ஜெட் கணக்குகள் இன்று பொருந்தாமல் போவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இந்த நிலையில் 16 ஜிபி ரேமே இலக்காக இருக்கட்டும். 32 ஜிபி பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 16 ஜிபியை ஒரே பட்டையாக வாங்காமல் எட்டு ஜிபி வீதம் இரு பட்டைகளாக வாங்கினால் பிராசசருக்குத் தகவல் செல்லும் பாதை இரட்டிப்பாகும். உள்ளமைந்த கிராஃபிக்ஸை நம்பியிருப்போருக்கு இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை என்விஎம்இ வகையில் நம்பகமான நிறுவனத்தின் 500 ஜிபி தொடக்கத்துக்குப் போதும். பெரிய விளையாட்டுகள் பல தலா 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிப்பதால் 1 டிபி இருப்பின் நிம்மதி. ஹார்டு டிஸ்கில் விளையாட்டுகளை நிறுவும் காலம் முடிந்துவிட்டது. ஸ்டார்ஃபீல்டு, சைபர்பங்க் 2077 ஆகியவை எஸ்எஸ்டியைக் குறைந்தபட்சத் தேவையாகவே அறிவித்துள்ளன.

எஸ்எம்பிஎஸ்: கை வைக்கக் கூடாத இடம்

இந்தியச் சந்தைகளில் மிகுதியாக அலட்சியப்படுத்தப்படும் பாகம் இதுவே. கேபினட் வாங்கினால் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்று தருவார்கள். அதன் மேல் 450 வாட் என்றும் அச்சிட்டிருக்கும். ஒரு விளையாட்டுக் கணினியின் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரத்தைப் பெறுவது 12 வோல்ட் இணைப்பிலிருந்து. எனவே பெரிய எழுத்தில் உள்ள வாட்டை விடுத்து, பெட்டியின் பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பார்க்க வேண்டும். அங்கு 14 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 14-ஆல் பெருக்கக் கிடைக்கும் 168 வாட்தான் அதன் பயன்படும் திறன்.

ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட், ரைசன் 5 5600 முழுச் சுமையில் சுமார் 76 வாட், மதர்போர்டு, எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு 40 முதல் 50 வாட் எனக் கூட்டினால் 250 வாட் ஆகிறது. 168 வாட் திறனுள்ள எஸ்எம்பிஎஸ் இதைத் தாங்காது. விளையாட்டின் நடுவே கணினி அணைவது முதல் அறிகுறி. மிகுமின்னோட்டம், மிகுமின்னழுத்தம், குறுக்குச்சுற்று ஆகியவற்றைத் தடுக்கும் பாதுகாப்புச் சுற்றுகள் இல்லாத மலிவுப் பெட்டி பழுதாகும்போது, மதர்போர்டையும் கார்டையும் உடன் அழைத்துச் செல்லும் அபாயம் உண்டு. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் மிச்சப்படுத்தியதற்காக அறுபதாயிரம் ரூபாய்ப் பொருளைப் பணயம் வைப்பது இதுதான்.

மறுபுறம், 250 வாட் தேவைக்கு 750 வாட் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பெயர்பெற்ற நிறுவனத்தின் 450 முதல் 550 வாட் வரையிலான எஸ்எம்பிஎஸ் போதும். '80 பிளஸ்' முத்திரை, மின்சாரம் எவ்வளவு விரயமாகிறது என்பதைக் காட்டும் சான்று; பாதுகாப்புக்கான சான்று அன்று. முத்திரையோடு உத்தரவாதக் காலத்தையும் பார்ப்பது நல்ல வழி. ஐந்து ஆண்டு உத்தரவாதம் தரும் நிறுவனம் தன் பொருளை நம்புகிறது என்று கொள்ளலாம். கிராஃபிக்ஸ் கார்டுக்கான மின்இணைப்பு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். பழைய நான்கு முனை இணைப்பிலிருந்து மாற்றித் தரும் ஒட்டுக் கம்பிகள் சூடேறி உருகக்கூடியவை. கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் ஏற்கக் கூடாது.

மின்வெட்டு வழக்கமாக உள்ள ஊர்களில் யுபிஎஸ் இன்றியமையாதது. பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் வரைதான் தாங்கும். மேற்கூறிய கணினியும் மானிட்டரும் அதற்குள் அடங்கும். பெரிய கார்டு வாங்கினால் அடங்காது. யுபிஎஸ் தருவது சில நிமிடங்களே, அதாவது விளையாட்டைச் சேமித்துக் கணினியை முறையாக அணைக்கும் நேரம். சில மலிவு யுபிஎஸ்களின் மின்அலை வடிவத்தை நவீன எஸ்எம்பிஎஸ் ஏற்காமல், மின்சாரம் போனதும் கணினி உடனே அணைந்துவிடுவதுண்டு. வாங்கும்போதே இரண்டையும் இணைத்து, சுவர் இணைப்பைத் துண்டித்துப் பார்த்துவிட வேண்டும். கேபினட்டைத் தொடும்போது மெல்லிய மின்னதிர்வு உணரப்பட்டால் வீட்டின் எர்த் இணைப்பில் குறை உள்ளது என்று பொருள். அது எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டிய விஷயம். மூன்றாவது முனையை ஒடித்துவிட்டுப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து.

கேபினட்டைப் பற்றி நீண்டு சொல்ல ஒன்றுமில்லை. கோடையில் 45 டிகிரியைத் தொடும் நாக்பூர் போன்ற நகரங்களில் முன்புறம் முழுவதும் கண்ணாடி மூடிய கேபினட் ஒரு அடுப்பாகிவிடும். முன்புறம் வலைத்தகடும், தூசு வடிகட்டியும், குறைந்தது இரு விசிறிகளும் இருந்தால் போதும்.

அலுவலகக் கணினியை மாற்றியமைப்பது

25,000 முதல் 30,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டிய கட்டாயம் உள்ளோருக்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ஐ5 பிராசசருடன் புதுப்பித்து விற்கப்படும் பெருநிறுவன அலுவலகக் கணினியை வாங்கி, அதில் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டைச் சேர்ப்பது. மேலே குறை கூறப்பட்ட அதே கார்டுதான். அதன் மின்தேவை 70 வாட் மட்டும் என்பதால் தனி மின்இணைப்பு வேண்டியதில்லை; அலுவலகக் கணினியின் சிறிய எஸ்எம்பிஎஸ்ஸே போதும். மெலிதான கேபினட் எனில் உயரம் குறைந்த வடிவ கார்டு தேவைப்படும். இக்கணினிகளின் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தந்த நிறுவனத்தின் தனி அளவிலானவை என்பதால் பின்னாளில் மாற்றுவது கடினம். அந்த வரம்பை அறிந்து வாங்கினால் ஏமாற்றமில்லை.

பில்லும் பெட்டியும்

கணினிப் பாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 50,000 ரூபாய் பில்லில் 7,627 ரூபாய் வரியாகும். 'பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்' என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறக்கிறது. பிராசசர், மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டு உத்தரவாதம் உள்ளது. பில் இல்லையேல் அதைக் கோருவது கடினம். வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வந்த பாகங்களுக்கு இந்தியாவில் உத்தரவாதம் மறுக்கப்படலாம். பெட்டியின்றி 'ட்ரே' என்ற பெயரில் விற்கப்படும் பிராசசருக்கு, பெட்டியில் வருவதற்குரிய தயாரிப்பாளர் உத்தரவாதம் கிடைப்பதில்லை; கடைக்காரரின் வாய்மொழியே மிஞ்சும்.

எனவே ஒவ்வொரு பாகத்தின் மாடல் பெயரும் வரிசை எண்ணும் பில்லில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். 'அசெம்பிள்டு கணினி – 1' என்று ஒரே வரியில் எழுதித் தரும் பில் பின்னாளில் எதற்கும் உதவாது. பாகங்களின் காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். இணையத்தில் வாங்குவோர் பெட்டியைப் பிரிப்பதை வெட்டின்றி ஒரே காணொளியாகப் பதிவு செய்வது, மாறிய பொருள் வந்தால் வாதிட உதவும். கடைக்காரர் உத்தரவாதத்தை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம்.

கணினி வீட்டுக்கு வந்தபின் மூன்று சிறு வேலைகள் எஞ்சும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தால் விண்டோஸ் அமைப்புகளில் அந்த வேகத்தைத் தேர்வு செய்ய வேண்டும்; பல வீடுகளில் அது 60-லேயே நிற்கிறது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற தேர்வை இயக்காவிட்டால் ரேம் தன் முழு வேகத்தைத் தராமல் போகலாம். இவை முடிந்ததும், பொருளைத் திருப்பித் தரும் அவகாசம் முடிவதற்குள், கனமான விளையாட்டு ஒன்றைத் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓட்டி, கணினி அணைகிறதா, திரையில் புள்ளிகள் தோன்றுகின்றனவா, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தீய்ந்த வாடை வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.